குழித்துறை விட்டாச்சு

கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் விவேக் எக்ஸ்பிரஸ் புறப்படும்போது நடைமேடையில் நின்று படம் எடுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அசாமின் திப்ரூகர் வரைக்கும் சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. 2011 நவம்பரில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதைவிட நீண்ட தடத்தில் வேறு வண்டி ஓடவில்லை. அதே தண்டவாளத்தில் காலையிலும் மாலையிலும் போகும் பாசஞ்சர் வண்டியை யாரும் படம் எடுப்பதில்லை.

நாகர்கோவில் சந்திப்பில் ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்குகிறவர் ஒரு தடவைக்கு 71 கிலோமீட்டர் போகிறார். போக வர 142. முப்பது வேலை நாள் போய்வந்தால் 4,260 கிலோமீட்டர். திப்ரூகரைத் தாண்டிவிட்டார். விவேக் எக்ஸ்பிரஸ் அந்தத் தூரத்தை 75 மணி நேரம் போல எடுத்துக்கொண்டு கடக்கிறது. சாதாரண வண்டியில் போய்வரும் இவருக்கு, நிலையத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் நாளுக்கு நான்கு மணி நேரம் போகும். முப்பது நாளுக்கு 120 மணி நேரம். இருபத்தைந்து, முப்பது வருடம் இப்படியே போய்வந்து ஓய்வு பெற்றவர்கள் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு ஊர்களில் இருக்கிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இவர்களைச் 'சீசன்காரங்க' என்பார்கள். சீசன் டிக்கெட்டில் போகிறவர்கள் என்று பொருள். இவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பாடுபட்டுப் போய்வருவதற்கு அங்கேயே ஒரு வீடு பார்த்துக் குடியேறினால் என்ன? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

திருநெல்வேலிக்கு ரயில் 1876இலேயே வந்துவிட்டது. மறுபக்கம், செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904இல் ரயில் போனது. அங்கிருந்து 1918இல் திருவனந்தபுரத்தைத் தொட்டது. 1931இல் தம்பானூரில் இன்றைய நிலையம் திறந்தது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நாஞ்சில் நாடும் அதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் தண்டவாளம் இல்லாமலே கிடந்தன. அதற்கும் முன்னால் ஒரு முயற்சி நடந்தது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைப்பதற்காக 1860இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். வேலை முடியவில்லை. ஏ.வி.எம். கால்வாய் என்று பெயர் சுருங்கி, தேங்காய்ப்பட்டணம், மண்டைக்காடு பக்கத்துக் கடலோரத்தில் துண்டு துண்டாக இன்றும் அது கிடக்கிறது. 1938இல் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது நாகர்கோவில் சாலை அதன் முதல் வழித்தடங்களில் ஒன்றாக இருந்தது. அவ்வளவு போக்குவரத்து அப்போதே இங்கிருந்து அங்கே இருந்திருக்கிறது.

போக்குவரத்துக்குக் காரணம் தலைநகரம். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795 வரை தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரத்தில்தான் இருந்தது. அது திருவனந்தபுரத்துக்குப் போனபின், வேலை போன பக்கம் ஆளும் போனது. கச்சேரி உத்தியோகத்துக்கும் கல்லூரிப் படிப்புக்கும் அங்குள்ள 'சாலை' கடைவீதி வியாபாரத்துக்கும் இங்கிருந்து தலைமுறை தலைமுறையாகப் போனார்கள். போனவர்கள் அங்கே தங்கினார்கள். சுசீந்திரத்துக்குப் பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1931இல் ஓய்வு பெற்ற பிறகுதான் நாஞ்சில் நாட்டுக்குத் திரும்பிப் புத்தேரியில் வாழ்ந்தார். அவர் காலத்தில் உத்தியோகம் என்றால் ஊரை விடுவது. ஓய்வு என்றால் ஊர் திரும்புவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆயுள் கழிந்துவிடும். சாலைக் கடைவீதியின் தமிழ் வாழ்க்கையை வாழ்நாளெல்லாம் எழுதிய ஆ. மாதவனின் கதைகளில் நடமாடுகிறவர்கள், அப்படிப் போய் அங்கேயே வேர்விட்ட ஒரு உலகத்தின் மனிதர்கள்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் பலன் அது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் உண்டு. அந்த இணைப்பின் நியாயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் தலைநகரம் 700 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியும் மொத்தக் கடையும் சம்பந்தம் செய்த வீடுகளும் 70 கிலோமீட்டரில் இருந்த இடத்திலேயே இருந்தன.

ரயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 1972இல் அடிக்கல் நாட்டிய திருவனந்தபுரம் – கன்னியாகுமரி அகலப் பாதை 1979 ஏப்ரலில் திறந்தது. நாகர்கோவில் – திருநெல்வேலி பாதை 1981 ஏப்ரலில் வந்தது. நடுவிலிருந்த இரண்டு வருடமும், தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் கேரளத்தைச் சுற்றித்தான் போக முடியும். 1979 அக்டோபரில் திருவனந்தபுரம் கோட்டம் உருவானபோது மாவட்டத்தின் நிலையங்கள் அதில் சேர்ந்தன. மதுரைக் கோட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்று பயணிகள் சங்கங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டன.

ஆனாலும் 1979ஐ நான் இந்த மாவட்டத்தின் சமூக வரலாற்றில் ஒரு பெரிய வருடமாகவே நினைக்கிறேன். அதுவரை 'போய்த் தங்குவது' என்றிருந்த காரியம் அன்றிலிருந்து 'போய்வருவது' என்றானது. பேருந்திலும் போய்வந்திருக்கிறார்கள்தான். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று நெரிசலில் ஊர்ந்து தினமும் இரண்டு வேளை போய்வர உடம்பு தாங்காது. கட்டணமும் தாங்காது. மாத சீசன் டிக்கெட்டின் விலை, கிட்டத்தட்டப் பதினைந்து ஒற்றைப் பயணத்தின் கட்டணம். 150 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் எடுக்கலாம். ஒரு மாதத்தில் ஐம்பது தடவை ஏறி இறங்குகிறவருக்கு இதைவிட மலிவாக ஒரு வழி கிடையாது.

போக வேண்டிய கட்டாயத்தை இந்த மாவட்டத்தின் கணக்கே சொல்லிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல்; சென்னையை விட்டால் இங்குதான் இவ்வளவு நெரிசல். படித்தவர்கள் அதிகம், நிலம் குறைவு, பெரிய தொழிற்சாலைகள் இல்லை. வளைகுடாவுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் போக, ஊரை விட மனமில்லாதவர்களுக்கும் விட முடியாதவர்களுக்கும் மிஞ்சியது காலை வண்டி. வயசான அம்மையும் அப்பாவும் வீட்டில் இருப்பார்கள். பங்கு பிரிந்து வந்த முப்பது சென்ட் இருக்கும். கோயில் கொடைக்கு வரி கொடுக்கும் குடும்பமாக இருக்கும். ஊரைக் கைவிடாமல் இருக்க இவர்கள் கொடுக்கும் விலை நாளுக்கு நான்கு மணி நேரம்.

அரசாங்கக் கணக்கில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அதே 2011 கணக்கெடுப்பு, வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டது. வெளியான அட்டவணையில் தூரத்தின் கடைசிக் கட்டம் '51 கிலோமீட்டரும் அதற்கு மேலும்'. அந்தக் கட்டத்துக்குள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். எந்தத் திசையில் போகிறார்கள், மாநில எல்லையைத் தாண்டுகிறார்களா என்பதற்கு அங்கே இடமில்லை. ரயில்வேயின் கண்ணில் இவர்கள் குறுந்தூரப் பயணிகள். நெடுந்தூர வண்டிகளுக்காக வகுத்த அட்டவணையின் இடைவெளியில் இவர்களுக்கு இடம் கிடைத்தால் உண்டு.

அந்த இடைவெளியின் பெயர்தான் கிராசிங்.

திருவனந்தபுரம் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஏதாவதொரு நிலையத்தின் பக்கத் தடத்தில் ஒதுங்கி நின்றாக வேண்டும். எதிர்வண்டி முழுசாக நிலையத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் அது வந்த பகுதி காலியாகும். அதற்குப் பிறகுதான் நிற்கிற வண்டிக்குச் சிக்னல் விழும். வீராணி ஆளூர், பள்ளியாடி, குழித்துறை மேற்கு போன்ற சின்ன நிறுத்தங்களில் ஒதுங்கத் தடம் கிடையாது. இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற நிலையங்களில்தான் முடியும். எந்த வண்டி ஒதுங்குவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் பாசஞ்சர் கடைசி. விவேக் எக்ஸ்பிரஸ் எங்கோ ஆந்திரத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால், அதன் பலன் இரணியலில் நிற்கும் சீசன்காரர் தலையில் விடிகிறது. "இன்னைக்கு எங்க புடிச்சுப் போட்டான்?" என்பது இந்தத் தடத்தில் தினமும் கேட்கும் கேள்வி. போட்டது யார் என்று யாரும் விளக்குவதில்லை. மழையைச் சொல்வதுபோல அதைச் சொல்கிறார்கள்.

தூரத்தை விட இதுதான் மனிதர்களை அரிக்கிறது என்பது நான் பார்த்துப் பேசித் தெரிந்துகொண்டது. 71 கிலோமீட்டருக்கு உடம்பு பழகிவிடும். இருபது நிமிடமா ஐம்பது நிமிடமா என்று தெரியாத நிற்றலுக்குப் பழகவே பழகாது. ஒன்பதரைக்கு விரல்ரேகை பதிய வேண்டியவர் எட்டே முக்காலுக்குச் சேரும் வண்டியை நம்ப மாட்டார். அதற்கு முந்தைய வண்டியைப் பிடிப்பார். அதற்காக நான்கு மணிக்கு எழுந்திருப்பார். தாமதத்தைத் தன் தூக்கத்திலிருந்து முன்கூட்டியே கழித்துக் கொடுத்துவிடுகிறார். இந்தக் கழிவு ரயில்வேயின் எந்தக் கணக்கிலும் ஏறாது. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் நேரந்தவறாமையை வெகுகாலமாகக் கடைசி நிலையத்தை வைத்தே பார்த்து வந்தார்கள். கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூடுதலாக வைத்துவிட்டால், வழியெல்லாம் பிந்திய வண்டியும் கடைசியில் சரியான நேரத்துக்கு வந்ததாகிவிடும். நடுவில் இறங்குகிறவன் பிந்தியது பிந்தியதுதான்.

திருநெல்வேலிப் பக்கமும் கன்னியாகுமரிப் பக்கமும் இரட்டைப் பாதை வேலை 2024இல் முடிந்தது. திருவனந்தபுரம் பக்கம் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. அங்கே நிலம் வேறு மாதிரி. நாஞ்சில் நாட்டின் வயல்வெளி இரணியலோடு முடிந்துவிடும். பிறகு மேடும் பள்ளமுமான செம்மண், ரப்பர், தென்னை, நெருக்கி நெருக்கி வீடுகள். பாதை பல இடங்களில் மேட்டை வெட்டி உண்டாக்கிய பள்ளத்துக்குள் ஓடுகிறது. இரண்டு பக்கமும் வண்டியின் கூரைக்கு மேல் மண்சுவர் எழும்பி நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் அந்த மண் சரிந்து பாதையில் விழுந்து, வண்டிகள் நாள்கணக்கில் தடைபட்டன.

ஒரு ஆனி மாதக் காலையில் பெண்கள் பெட்டிக்கு அடுத்த பொதுப்பெட்டியில் வந்துகொண்டிருந்தேன். வெளியே சாரல். சன்னல் கதவுகளை இறக்கியிருந்ததால் உள்ளே புழுக்கம். எதிர் இருக்கையில் ஒரு இளம்பெண் மடியில் ஈரத்துணி விரித்துப் பிச்சிமொட்டு கட்டிக்கொண்டிருந்தாள். தோவாளைப் பூ. இரண்டு மொட்டை இந்தப் பக்கம், இரண்டு மொட்டை அந்தப் பக்கம் வைத்து, வாழைநாரைச் சுண்டி ஒரு முடிச்சு. வண்டி ஆட்டத்தில் விரல் தவறவில்லை. அவள் பார்வை முடிச்சில் இல்லை, வாசலில் இருந்தது. பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்திருந்தாள். இரணியலில் கூட்டத்தோடு ஏறிய ஒரு நடுவயதுப் பெண்ணைப் பார்த்ததும் பையை எடுத்தாள்.

"யக்கா, இங்கன வாங்க. எடம் போட்டிருக்கேன்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"நேத்து ராத்திரி விட்டுது. எனக்க அம்மைகிட்ட ஆக்கிட்டு வந்திருக்கேன். மத்தியானம் ஒருக்கா போன் பண்ணிக் கேக்கணும்."

வந்தவர் உட்கார்ந்து தூக்குச்சட்டியைக் கொக்கியில் மாட்டினார். மூடி இடுக்கிலிருந்து உள்ளித் தீயல் மணம் வந்தது. கட்டி முடித்த சரத்தில் ஒரு முழம் அவருக்கு. பிறகு இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். குழித்துறையில் வண்டி நின்று, ஆற்றைத் தாண்டி, பாறசாலை வந்தபோது பெயர்ப்பலகையில் மலையாளம் முன்னுக்கு வந்திருந்தது. புதிதாக ஏறியவர்கள் "சேச்சி, கொஞ்சம் நீங்கி இரிக்காமோ" என்றார்கள். கண்ணைத் திறக்காமலே இருவரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். 1956இல் போட்ட கோட்டை இவர்கள் தினமும் இரண்டு முறை தூக்கத்தில் கடக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பதிலில்தான் என் முதல் கேள்விக்கான விடையும் இருந்தது. எனக்க அம்மைகிட்ட ஆக்கிட்டு வந்திருக்கேன். திருவனந்தபுரத்தில் வாடகைக்கு இருந்திருந்தால் காய்ச்சல் பிள்ளையை விட்டு வர அம்மை இருந்திருக்க மாட்டாள்.

பயணநேரத்தைப் பற்றி உலகில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தாலியரான செசாரே மார்ச்செட்டி, எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரமே பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று 1994இல் எழுதினார். அலோய்ஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃபிரை என்ற பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். வெகுதூரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. அப்படி ஈடாகவில்லை, நெடும்பயணிகளின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருக்கிறது என்று கண்டார்கள். அமெரிக்கரான ராபர்ட் புட்னம் 2000இல் வெளியிட்ட நூலில், பயணம் கூடும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஊர்க்காரியங்களில் ஈடுபாடு பத்து சதவீதம் குறைகிறது என்றார்.

இவற்றைப் படிக்கும்போது முதல் இரண்டையும் என்னால் அப்படியே ஏற்க முடிகிறது. நான்கு மணி நேரம் என்பது மார்ச்செட்டி சொன்னதைப்போல் நான்கு மடங்கு. அதன் களைப்பை நாகர்கோவில் நிலையத்தில் இரவு எட்டு மணிக்கு இறங்கும் முகங்களில் பார்க்கலாம். புட்னம் சொல்வது இங்கே பொருந்தாது. அவருடைய பயணி காரில் தனியாகப் போகிறவர். நம் ஆள் ஊரோடு ஒட்டியிருப்பதற்காகவே பயணம் போகிறவர். அவர் ஏறும் பெட்டியும் தனி ஊர்தான். அங்கே சீட்டுக் கட்டும் குழு உண்டு, வேலைக்கு ஆள் சொல்லிவிடுவது உண்டு, வரன் பார்ப்பதும் உண்டு. ஒருவர் நான்கு நாள் வரவில்லையென்றால் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் அதே வண்டியில் வருகிறது. அவர்களுக்குச் சீசன் இல்லை. கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையும், உட்கார்ந்திருப்பவரைத் தாங்கியபடி ஒரு துணையும் இருக்கும். 1981இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் அதன் பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரிக்கும் போகிறவர்கள். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி 2001இல் வந்த பிறகும் இந்தக் கூட்டம் குறைந்துவிடவில்லை. சீசன்காரர்கள் அந்த உறையைப் பார்த்ததும் எழுந்துவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. களியக்காவிளையில் எல்லை மூடியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அப்பால் போக முடியாது. அப்போதுதான் அந்தக் கோடு இவர்களுக்கு முதன்முதலாகக் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெகுநாள் வண்டியும் இல்லை, சீசனும் இல்லை. சிலர் மோட்டார் சைக்கிளில் போனார்கள். சிலர் கடைசியில் அங்கே அறை எடுத்தார்கள். கவிமணி காலத்து வழக்கம் ஒருசில மாதம் திரும்பி வந்தது. பாசஞ்சர் வண்டிகள் திரும்பியபோது 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாறியிருந்தது. வேகம் மாறவில்லை. குறைந்த கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக ஆகியிருந்தது. பள்ளியாடியிலிருந்து குழித்துறைக்குப் போகிறவரும் 30 ரூபாய் கொடுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி 10 ரூபாயானது. அதுவரை ஏழைகளின் வண்டியில் அந்தக் கட்டணத்தை வாங்கியதற்கு என்னால் எந்த நியாயமும் காண முடியவில்லை.

மாலை வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. நெய்யாற்றின்கரை தாண்டியதும் பெட்டியில் போன் பேச்சு தொடங்கும். யாரும் மணி சொல்வதில்லை, நிலையம் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது போதும். எந்த நிலையத்தில் உலை வைக்க வேண்டும், எந்த நிலையத்தில் பிள்ளையை பைக் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் என் பக்கத்தில் நின்றவர் சிமென்ட் படிந்த சட்டையை மடித்துப் பையில் வைத்திருந்த ஒரு கொத்தனார். "குழித்துறை விட்டாச்சு, அரிசியப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் வைத்தார். இரணியலில் வண்டி நின்றது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அவர் வாசலில் எட்டிப் பார்த்தார். தூரத்தில் சிக்னல் சிவப்பாகவே இருந்தது. மறுபடி போனை எடுத்தார்.

"கிராசிங் கெடக்கு. சோற வடிச்சு மூடி வெச்சுட்டு, நீங்க சாப்பிட்டுப் படுங்க."